படகுக்குக் காது பொருத்துதல்

(மைசூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் தூத்துக்குடிக்காரன். மீன்பிடிப் படகுகளில் எக்கோ சவுண்டர், ஜிபிஎஸ், வயர்லெஸ் இவற்றை மாட்டிக் கொடுப்பது என் தொழில். முப்பது வருடமாகச் செய்கிறேன். கடல் இல்லாத மைசூருக்கு வந்து படகைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் இத்தனை வருடம் கைப்பழக்கத்தில் செய்துகொண்டிருந்த ஒரு வேலையின் சூட்சுமத்தை எனக்குச் சொல்லாகக் கொடுத்தது இந்த ஊர்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மானசகங்கோத்ரியில் இருக்கிற அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனத்தை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். 1965-இல் தொடங்கியது. நாடு முழுவதிலிருந்தும் காது கேளாதவர்களும் பேச்சு திக்குகிறவர்களும் தேடி வருகிற இடம். என் மகள் அங்கே படிக்கிறாள். போன முறை அவளைப் பார்க்க வந்தபோது, காது அச்சு எப்படி எடுப்பது என்று எனக்கு விளக்கினாள். முதலில் நூல் கட்டிய ஒரு சின்னப் பஞ்சைக் காதுக்குள் வைக்கிறார்கள். பிறகு மாவு மாதிரிக் குழைத்த பொருளை ஊசி இல்லாத சிரிஞ்சில் அடைத்து உள்ளே செலுத்துகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அது இறுகிவிடும். வெளியே எடுத்தால் அந்த ஆளுடைய காதின் வளைவு, நெளிவு, மடிப்பு எல்லாம் அப்படியே பதிந்திருக்கும். கேட்கும் கருவியின் முனையை அந்த அச்சுக்குத்தான் செய்கிறார்கள்.

"அச்சு சரியா உக்காரலேன்னா என்ன ஆகும்மா?" என்று கேட்டேன்.

"சத்தம் வெளிய கசிஞ்சு திரும்பவும் மைக்குக்குள்ள போயிரும்ப்பா. கீன்னு விசில் அடிக்கும். மிஷின் எவ்வளவு விலையா இருந்தாலும் சரி, தாத்தா பாட்டியெல்லாம் கழட்டி மேஜை டிராயர்ல போட்டுருவாங்க."

அன்று ராத்திரி பஸ்ஸில் ஊர் திரும்பும்போது இந்தப் பதில்தான் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை படகுகளில் நான் இதைப் பார்த்திருக்கிறேன்! வாங்கின புதிதில் எக்கோ சவுண்டர் பெட்டிக்குப் பூப்போட்டுச் சூடம் காட்டுவார்கள். நாலு மாதம் கழித்துப் போனால் அது ஒரு மூலையில் துணி மூடிக் கிடக்கும். "பெட்டி சரியில்லண்ணே, நிக்கும்போது காட்டுது, ஓடும்போது ஒண்ணும் தெரியல" என்பார் டிரைவர். பெட்டி நன்றாகத்தான் இருக்கும். காது சரியாக உட்கார்ந்திருக்காது. அந்தக் காதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

எங்கள் கடலில் ஆழத்தைப் பாகத்தில் சொல்வோம். இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். ஆறடி என்று வைத்துக்கொள்ளுங்கள். என் தாத்தா காலத்தில் கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கிப் பாகம் பாகமாக அளந்திருக்கிறார்கள். குண்டின் அடியில் சோப்பையோ மெழுகையோ அப்பி இறக்கினால், கீழே இருப்பது மணலா, சேறா, பாரா என்று ஒட்டிக்கொண்டு வருவதை வைத்துச் சொல்லிவிடலாம். பார் என்றால் கடலடிப் பாறைத் திட்டு. மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பி விளைந்ததெல்லாம் பாரில்தான். மீனும் அங்கேதான் அண்டும், வலையும் அங்கேதான் கிழியும். அதனால் பார் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பது எங்களுக்குச் சோற்றுப் பிரச்சினை.

தாத்தா இன்னொன்றும் செய்வார். துடுப்புத் தண்டைத் தண்ணீருக்குள் செங்குத்தாக இறக்கி, அதன் மேல்முனையில் காதை வைத்துக் கேட்பார். கத்தாளை மீன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப் பையை அதிரவைத்து ஒலி எழுப்பும். தண்ணீர் வழியாக வந்த அதிர்வு மரத்தில் ஏறி அவர் காதுக்கு வரும். கூட்டம் கூடினால் 'கொர் கொர்' என்று கேட்கும் என்று சொல்வார். இது எங்கள் ஊரில் மட்டும் இருந்த வித்தை அல்ல. மலேசியாவின் கிழக்குக் கரையில் 'ஜூரு சேலாம்' என்று ஒருவர் படகோடு போவார். தண்ணீருக்குள் தலையை அமிழ்த்தி, என்ன மீன், எந்தத் திசையில், எவ்வளவு கூட்டம் என்று கேட்டுச் சொல்வதே அவர் வேலை. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலும் துடுப்பில் காது வைத்துக் கேட்டிருக்கிறார்கள். தாத்தா தண்டை எங்கே இறக்குவார் என்பதைக் கவனியுங்கள். பாயை இறக்கி, படகை நிறுத்தி, அலை சலசலக்காத பக்கமாகப் பார்த்துத்தான் இறக்குவார். பொருத்தும் இடம் அவருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது படகின் அடியில் நாங்கள் மாட்டுகிற டிரான்ஸ்டியூசர் என்ற காதும் அந்தத் தண்டுதான். ஒரு வித்தியாசம், இது தானே சத்தம் போட்டுவிட்டுத் தானே பதிலையும் கேட்கும். உங்கள் வீட்டு அடுப்படியில் இருக்கிற கேஸ் லைட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு சின்னச் சுத்தி ஒரு கல்லை அடிக்கிறது, அந்தக் கல் மின்சாரத்தை உண்டாக்கிப் பொறி தெறிக்கிறது. பிரான்சில் கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டுபிடித்த குணம் இது. இதைத் திருப்பிப் போட்டால், அதாவது கல்லுக்கு மின்சாரம் கொடுத்தால், கல் அதிரும். முதல் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுவதற்காக பால் லாஞ்சவின் குவார்ட்ஸ் கல்லை இப்படி அதிரவைத்தார். இன்று கல்லுக்குப் பதிலாகப் பீங்கான் வில்லை. எங்கள் படகுகளில் சாதாரணமாக இரண்டு அதிர்வெண் வைத்திருப்போம், 50 கிலோஹெர்ட்ஸும் 200 கிலோஹெர்ட்ஸும். மனிதக் காது எட்டுவது அதிகம் போனால் 20 கிலோஹெர்ட்ஸ்வரைதான். ஆகவே இந்தக் கூப்பிடுதலும் பதிலும் நம் காதில் விழாது, திரையில்தான் விழும்.

கடல் நீரில் ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர் ஓடும். 20 பாகம் ஆழத்தில் தரையைத் தொட்டுத் திரும்ப, ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு போதும். அந்த நேரத்தை அளந்து ஆழமாக மாற்றித் திரையில் கோடு போடுவதுதான் பெட்டியின் வேலை. கோட்டுக்கு மேலே மிதக்கிற புள்ளியும் வில்லும் மீன். ஜப்பானில் நாகசாகியைச் சேர்ந்த ஃபுருனோ சகோதரர்கள் 1948-இல் மீனவர்கள் கையில் கொடுக்கத்தக்க முதல் மீன்காட்டியைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பெயர் பொறித்த பெட்டிகள் இன்றைக்கும் எங்கள் துறைமுகத்தில் உண்டு.

இனி நான் சொல்லப்போவதைத்தான் நீங்கள் ஊன்றிக் கேட்க வேண்டும். மீன் எப்படித் தெரிகிறது? மீனின் சதை ஏறக்குறைய தண்ணீரைப் போன்றது. ஒலிக்கு அதைத் தனியாக அடையாளம் தெரியாது, ஊடுருவிப் போய்விடும். எதிரொலியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புவது மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப் பை. தண்ணீரில் போகிற ஒலி காற்றைச் சந்தித்தால் சுவரில் மோதின பந்து மாதிரி திரும்பிவிடும். அதனால்தான் மத்திக் கூட்டம் திரையில் செக்கச்செவேல் என்று தெரியும். வஞ்சிரத்துக்குக் காற்றுப் பை கிடையாது. சுறாவுக்கும் திருக்கைக்கும் கிடையாது. ஆள் உயர வஞ்சிரம் படகுக்கு அடியில் போனாலும் மங்கலாக ஒரு கீறல்தான் விழும். டிரைவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவேன்.

அதே காற்றுதான் எங்கள் எதிரியும். படகு ஓடும்போது அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், உடைகிற அலை காற்றை நுரையாக்கி அடிப்பலகைக்குக் கீழே தள்ளுகிறது. தண்ணீர் உறிஞ்சுகிற வாய், வெளியேற்றுகிற துளை, பலகையில் துருத்திக்கொண்டிருக்கும் ஆணித்தலை, எல்லாவற்றின் பின்னாலும் குமிழி வால் பிடித்து ஓடும். அந்த வாலுக்குள் டிரான்ஸ்டியூசர் இருந்தால், அனுப்பிய ஒலி முழுதும் குமிழியில் மோதி அங்கேயே திரும்பிவிடும். கீழே ஒரு கடல் இருப்பதே அதற்குத் தெரியாது. கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றில் குளிர்ந்த ஜெல் தடவுகிறார்களே, எதற்கு? தோலுக்கும் கருவிக்கும் நடுவில் மயிரிழை அளவு காற்றுகூட இருக்கக் கூடாது என்பதற்கு. நாங்கள் கடலுக்கு ஜெல் தடவ முடியாது. காற்று வராத இடத்தைத் தேடித்தான் போக வேண்டும்.

அந்த இடத்தைத் தேட எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு ஓடாவி, அதாவது மரப்படகு கட்டும் தச்சர். தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம் என்று நினைக்கிறேன். ஒரு சம்மாட்டியின், அதாவது படகு முதலாளியின், மரப்படகு. எஞ்சின் அறையிலிருந்து வயர் இழுக்க வசதியாக இருக்கிறதே என்று, படகின் பின்பகுதியில், குளிர்விக்கும் தண்ணீர் ஏறுகிற வாய்க்குக் கொஞ்சம் பின்னால் துளை போட்டு மாட்டினேன். துறைமுகத்துக்குள் நிறுத்திப் பார்த்தால் கண்ணாடி போலக் காட்டியது. சம்மாட்டி காசைக் கொடுத்துவிட்டார். மறுநாள் கடலுக்குப் போன படகு சாயங்காலம் திரும்பியபோது டிரைவர் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. எஞ்சினை ஓட்டின நிமிடத்திலிருந்து திரை முழுக்க இரைச்சல். பாரில் வலை மாட்டி, பாதி வலையை அறுத்துவிட்டு வந்திருந்தார்கள். அந்த வலைக்கு நான் பொறுப்பு. இன்றைக்கும் அதை அப்படித்தான் சொல்வேன்.

படகைக் கரையேற்றினோம். அந்தப் படகைக் கட்டின ஓடாவிக்கு அப்போதே அறுபது தாண்டியிருக்கும். பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், கையில் இருந்த சுத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் படகுக்கு அடியில் கூப்பிட்டார். நான் துளையிட்ட இடத்தைப் பார்க்கவே இல்லை. ஏராவை, அதாவது படகின் அடிமுதுகுக் கட்டையை, ஒட்டிக் குனிந்து நடந்து, அணியத்திலிருந்து பின்னால்வரை பலகையைக் கையால் தடவிக்கொண்டே போனார்.

"தம்பி, இத பாரு. இங்க பாசி கோடு கோடா நேரா ஓடுதா? தண்ணி பலகைய ஒட்டி ஓடியிருக்கு. இங்க பெயிண்டே தேஞ்சிருக்கு பாரு, தண்ணி வழிச்சுக்கிட்டுப் போயிருக்கு. நீ வச்ச எடத்துல பாரு. கொட்டலசு கும்பலா ஒக்காந்திருக்கு. தண்ணி ஓடுற எடத்துல அது குடியிருக்குமா? சுத்திக்கிட்டு நிக்கிற எடத்துலதான் இருக்கும். தண்ணி எங்க ஒட்டுது, எங்க பிரியுதுன்னு அதுவே எழுதி வச்சிருக்கு. நீ படிக்காம ஓட்டை போட்டுட்ட."

டார்ச் அடித்துப் பார்த்தேன். உறிஞ்சும் வாய்க்குப் பின்னால் நாக்கு நீட்டின மாதிரி ஒரு திட்டு, அங்கே மட்டும் கொட்டலசு, பலகையில் ஒட்டி வளரும் ஓட்டுயிர். அந்த நாக்கின் நடுவில் என் டிரான்ஸ்டியூசர். ஒரு வருடம் கடல் எழுதிய எழுத்து அது. பிறகு எத்தனையோ கம்பெனிக் கையேடுகளைப் படித்திருக்கிறேன். மெதுவாக ஓடும் கனமான படகுக்கு, அணியத்திலிருந்து நீர்மட்ட நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி வை என்று போட்டிருப்பார்கள். அந்த ஓடாவி விரலை வைத்துக் காட்டிய இடமும் ஏறக்குறைய அதேதான். ஏராவிலிருந்து ஒரு முழம் தள்ளி, முன்னால் எந்தத் துளையும் இல்லாத வழவழப்பான பலகை.

வலப்பக்கமா இடப்பக்கமா என்பதையும் யோசிக்க வேண்டும். பின்னாலிருந்து பார்க்கும்போது வலப்புறமாகச் சுற்றுகிற புரொப்பெல்லரின் இலைகள் வலப்பக்கத்தில் இறங்கும், இடப்பக்கத்தில் ஏறும். ஏறுகிற இலை படகின் அடியில் தண்ணீரை மோதித் தள்ளி இரைச்சலைக் கிளப்பும். ஆகவே இலை இறங்குகிற பக்கம் வை என்பார்கள்.

இடம் முடிந்தது. அடுத்தது சாய்வு. படகின் அடி தட்டையாக இருப்பதில்லை, ஏராவிலிருந்து இரு பக்கமும் சரிந்து ஏறும். பலகையோடு பலகையாக மாட்டினால் காது கோணிக்கொண்டு கீழே பார்க்காமல் பக்கத்தில் பார்க்கும். ஒரு கணக்கைச் சொல்கிறேன். 200 கிலோஹெர்ட்ஸ் கற்றை 12 டிகிரி அகலம் என்று வைத்துக்கொள்வோம். 20 பாகத்தில், அதாவது 36 மீட்டரில், அது தரையில் ஏழரை மீட்டர் வட்டத்தைப் பார்க்கும். அடிப்பலகை 15 டிகிரி சரிந்திருந்தால் அந்த வட்டம் ஒன்பதரை மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். படகுக்கு நேர் கீழே இருப்பதில் ஒரு சாண்கூட அதில் அகப்படாது! டிரைவர் தன் காலுக்குக் கீழே பார்ப்பதாக நினைத்துக்கொண்டு அடுத்த வீட்டு முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அதனால்தான் சாய்வுக் கட்டை. ஒரு கட்டையைப் பலகையின் சரிவுக்கு ஏற்றபடி நீளவாக்கில் கோணலாக இரண்டாக அறுத்து, ஒரு பாதியை வெளியே டிரான்ஸ்டியூசரோடு சேர்த்தும், மறுபாதியை உள்ளே நட்டுக்கு அடியிலும் வைக்க வேண்டும். வெளிக்கட்டையின் முன்முனையைக் குட்டிப் படகின் அணியம் மாதிரி செதுக்கி ராவ வேண்டும், தண்ணீர் அதைத் தொட்டதே தெரியாமல் விலகிப் போக வேண்டும். படகைக் கரையேற்றி நிறுத்தும்போதே அது கோணலாக நின்றுவிடும், ஆகையால் தரையை நம்பி ரசமட்டம் வைக்கக் கூடாது. படகு தண்ணீரில் எப்படி உட்காரும் என்று நீர்மட்டக் கோட்டைப் பார்த்து அளக்க வேண்டும். சுமை ஏறினால், ஐஸ் ஏறினால், டீசல் தீர்ந்தால் படகு எப்படித் தலை தூக்கும் என்பது டிரைவருக்குத்தான் தெரியும். நான் கட்டை அறுக்கும்போது டிரைவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். என் மகள் செய்கிற காது அச்சு வேலைதான் இது.

அடுத்தது டிரான்ஸ்டியூசரின் கூடு. மரத்துக்கு வெண்கலக் கூடுதான் சரி. மரம் ஊறிப் பெருக்கும்போது பிளாஸ்டிக் கூடு நெருக்கித் தெறித்துவிடும். இரும்புப் படகில் வெண்கலம் வைத்தால் உப்புத் தண்ணீரில் இரும்பு அரித்துவிடும், அங்கே பிளாஸ்டிக்கோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ. ஃபைபர் படகுக்குத் துளையே போடாமல் ஒரு வழி இருக்கிறது: உள்பக்கத்தில் ஒரு டப்பாவை ஒட்டி, அதில் விளக்கெண்ணெயை நிரப்பி, டிரான்ஸ்டியூசரை அதில் முக்கி வைப்பது. ஒலி எண்ணெய் வழியாகவும் ஃபைபர் வழியாகவும் ஊடுருவிக் கடலுக்குள் போய்விடும். நம் பாட்டிகள் குழந்தையின் உச்சந்தலையில் வைத்த அதே விளக்கெண்ணெய். ஒலியை நடத்துவதில் அது தண்ணீருக்குக் கிட்டத்தட்டச் சமம். டப்பாவுக்கு அடியில் ஃபைபருக்குள் காற்றுக் குமிழியோ மரச் சட்டமோ மறைந்திருந்தால் மட்டும் பலிக்காது. வயரைப் பற்றி ஒரே வார்த்தை: துளை சின்னதாக இருக்கிறது என்று அதை வெட்டி ஒட்டாதீர்கள்.

தமிழர்களில் இந்தக் காது வேலையை மிகப் பெரிய அளவில் செய்த ஒருவரின் பெயரை இங்கே சொல்ல ஆசைப்படுகிறேன். பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். பதினைந்து வயதில் கடற்படைப் பயிற்சிக்குச் சேர்ந்தவர். 1971 போரில், டிசம்பர் 9 அன்று, ஐஎன்எஸ் குக்ரி என்ற நம் போர்க்கப்பலை பாகிஸ்தானின் நீர்மூழ்கி மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் திரும்பவில்லை. எதிரி அடியில் இருப்பதைக் கேட்கிற காது நம் கப்பல்களுக்குப் போதவில்லை என்பது அன்று தெரிந்தது. பிற்பாடு கொச்சியில் இருக்கும் கடற்படை ஆய்வகத்தில் 'அப்சோ' என்ற சோனாரை உருவாக்கிய குழுவைப் பால்ராஜ் நடத்தினார். 1980-களில் அது நம் கப்பல்களின் அடியில் பொருத்தப்பட்டது. பின்னர் அவர் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டுக்குப் போய்ச் செய்த ஆராய்ச்சி, இன்று உங்கள் பையில் இருக்கும் செல்போனிலும் வீட்டு வைஃபையிலும் வேலை செய்கிறது. பல ஆன்டெனாக்களை ஒன்றாக வைத்து ஒரே நேரத்தில் அனுப்புவதும் கேட்பதுமான முறை அது. பல காதுகளைச் சேர்த்து ஒரு காதாக்குகிற வித்தையைக் கடலில் பழகிய மனம், ஆகாயத்திலும் அதைச் செய்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்தப் பல காது வித்தைதான் இப்போது 'லைவ் சோனார்' என்ற பெயரில் ஏரிகளுக்கு வந்திருக்கிறது. 2018-இல் கார்மின் நிறுவனம் லைவ்ஸ்கோப் என்று ஒன்றை வெளியிட்டது. பிறகு லோரன்ஸ், ஹம்மின்பேர்டு எல்லாம் வந்தன. பழைய கருவி படகு கடந்து வந்ததை வரைந்து காட்டும். இது இந்த நொடியில் மீன் வாலை ஆட்டுவதைக் காட்டும். அக்கா மகன் ஒருவன் டெக்சாஸில் வேலை பார்க்கிறான், விடுமுறையில் தூண்டில் போடுகிறவன். இரண்டு வருடம் முன்னால் ராத்திரி இரண்டு மணிக்கு வீடியோவில் கூப்பிட்டான்.

"மாமா, ஆயிரக்கணக்குல டாலர் குடுத்து வாங்கினேன். திரையில மீன் தெரியுது, ஆனா அது காட்டுற எடத்துல தூண்டில் போட்டா மீன் இல்ல. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டானா?"

"கேமராவ அந்தக் கம்பியில காட்டுடா" என்றேன்.

அலுமினியக் கம்பியின் நுனியில் டிரான்ஸ்டியூசர் தொங்கியது. கம்பியைப் படகின் விளிம்பில் ஒரே கிளாம்பில் மாட்டியிருந்தான். கையால் தொடச் சொன்னேன், ஆடியது. இந்தக் கருவியின் பார்வை ஒரு விசிறி மாதிரி. மேலிருந்து கீழாக 135 டிகிரி விரியும், பக்கவாட்டில் 20 டிகிரிதான். 30 மீட்டர் தள்ளி அந்த விசிறியின் கனம் பத்தரை மீட்டர். கம்பி 10 டிகிரி திரும்பினாலே விசிறியின் நடு ஐந்து மீட்டர் விலகிவிடும். மேலே பிடியில் அம்புக்குறி ஒரு திசையைக் காட்ட, தண்ணீருக்குள் டிரான்ஸ்டியூசர் வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டாவது கிளாம்ப் ஒன்று போட்டு, கம்பியைச் சுற்றி ஒரு கோடு கீறி, பிடியின் அம்பும் கீழே இருக்கிற முகமும் ஒரே கோட்டில் வரும்படி திருப்பி இறுக்கச் சொன்னேன். அதன் முகம் படகின் அடியைவிடக் கீழே இறங்கி நிற்க வேண்டும், இல்லையென்றால் படகின் நிழலையே பார்க்கும். வேகமாக ஓட்டும்போது கம்பியை மேலே தூக்கிவிட வேண்டும். பெரிய நுட்பம் ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்த வீடியோவில், ஒரு மீன் திரும்பி வந்து தூண்டில் முள்ளை முகர்ந்துவிட்டுப் போவது தெரிந்தது. அது முகர்ந்ததைப் பார்த்தேன் என்பதை இன்னும் நம்ப முடியவில்லை.

இதை இந்த ஊரில் சொல்லும்போது எனக்கு ஒரு கவலையும் சேர்ந்து வருகிறது. மைசூருக்கு மீன் புதிதல்ல. இங்கே இருந்த வான் இங்கன் குடும்பம் வேட்டை மிருகங்களைப் பாடம் செய்வதில் உலகப் பெயர் பெற்றது. அந்தக் குடும்பத்தின் டி வெட் வான் இங்கன் 1946-இல் கபினி ஆற்றில் 120 பவுண்டு எடையுள்ள மஹசீரைத் தூண்டிலில் பிடித்தார். ஏறக்குறைய 54 கிலோ! எந்தத் திரையும் இல்லாமல், ஆற்றின் போக்கைப் பார்த்துப் பிடித்த மீன். அந்தக் கூனல் முதுகு மஹசீர் காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அதற்கு அறிவியலில் சரியான பெயர் எது என்பதே 2018-இல்தான் தெளிவானது. தெளிவான அதே வருடம் அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்ற பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. வால் அசைவதுவரை காட்டுகிற கருவியோடு அந்த மீன் ஒளிந்திருக்கிற கயங்களுக்குள் தூண்டிலோடு ஒருவரும் போகக் கூடாது என்பது என் திடமான எண்ணம். அமெரிக்காவில் மீன் நிறைந்த ஏரிகளிலேயே சில போட்டிகளில் இந்தக் கருவியைத் தடுத்திருக்கிறார்கள்.

அதே கருவியை வேறு விதமாகப் பொருத்தலாம். அலாஸ்காவின் கலங்கல் ஆறுகளில் சால்மன் மீன் ஏறிவருவதை எண்ண, இதே இனத்தைச் சேர்ந்த படச் சோனாரைக் கரையோரமாக ஒரு தாங்கியில் நிறுத்தி, ஆற்றுக்குக் குறுக்கே பார்க்கும்படி வைக்கிறார்கள். மீனைத் தொடுவதில்லை, பிடிப்பதில்லை. வருகிறவற்றை எண்ணுகிறார்கள், அவ்வளவுதான். காவிரியில் அப்படி ஒன்று நின்றால், எத்தனை மஹசீர் மிச்சம் இருக்கின்றன என்று நமக்குத் தெரியும். தாங்கியை எங்கே ஊன்றுவது என்று கேட்டால் நான் சொந்தச் செலவில் வந்து காட்டித் தருகிறேன்.

உங்கள் கிருஷ்ணராஜசாகருக்கும் இந்தக் காது வேண்டும். 1911-இல் கட்டத் தொடங்கி 1930-களின் தொடக்கத்தில் முடிந்த அணை, இத்தனை வருடம் காவிரி கொண்டுவந்த வண்டலைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. கர்நாடகப் பொறியியல் ஆய்வு நிலையம் அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நீர்த்தேக்கத்தில் வண்டல் எவ்வளவு என்று அளக்கிற வேலையிலும் படகில் எக்கோ சவுண்டர்தான். அதிக அதிர்வெண் இளஞ்சேற்றின் மேல்தளத்தில் மோதித் திரும்பிவிடும். குறைந்த அதிர்வெண் சேற்றுக்குள் இறங்கி அடித்தரையைத் தொட்டுவிட்டு வரும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது வண்டலின் கனம். அங்கே டிரான்ஸ்டியூசர் தண்ணீருக்குள் எத்தனை சென்டிமீட்டர் அமிழ்ந்திருக்கிறது என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்தால், அணை முழுவதற்குமான கணக்கு அந்தச் சென்டிமீட்டர் அளவுக்குத் தப்பிவிடும். மேட்டூருக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்கிற சண்டையெல்லாம் கடைசியில் அளவில்தான் வந்து நிற்கிறது என்பதை இரு மாநிலத்திலும் உறவு வைத்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மேற்குக் கரையில், உங்கள் மங்களூர், மல்பே உட்பட, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகுகள் எல்லாம் கரையேறி, அடி தெரிய நிற்கிற நாட்கள் அவை. அந்தச் சமயத்தில் ஓடாவிகளையும் டிரைவர்களையும் என் போன்ற பிட்டர்களையும் ஒரு படகின் அடியில் ஒன்றாக உட்காரவைத்து, இரண்டு நாள் பொருத்துவதைச் சொல்லிக் கொடுத்தால் போதும். ஓடாவிக்குத் தண்ணீர் தெரியும், டிரைவருக்குப் படகு தெரியும், எனக்கு மின்சாரம் தெரியும். இப்போது நாங்கள் மூன்று பேரும் மூன்று நாளில் தனித்தனியாக வந்து போகிறோம். கொச்சியிலும் சென்னையிலும் மீன்வளப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன, தூத்துக்குடியிலேயே 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. சம்மாட்டிகள் சங்கமும் இவர்களும் மனம் வைத்தால் அடுத்த தடைக்காலத்திலேயே செய்யலாம். கடன் வாங்கிப் பெட்டி வாங்கியவன் அதை மூலையில் போடுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த வலை அறுந்த படகைப் பற்றிப் பாதியில் விட்டேன். ஓடாவி காட்டிய இடத்தில் புதுத் துளை போட்டோம். பழைய துளையை அவரே மரக்கட்டை அடித்து அடைத்தார். வெண்கலக் கூடு, சாய்வுக் கட்டை எல்லாம் பொருத்தி நட்டை முடுக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "முழுசா முடுக்காத. பலகை ரெண்டு மாசமா காஞ்சு கெடக்கு. தண்ணில எறங்கினா ஊறும், ஊறினா பெருக்கும். இப்பவே முடுக்கிட்டா கட்டை பொளந்துரும்."

அன்று சாயங்காலம் படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். நானும் ஓடாவியும் உள்ளே இறங்கி, எஞ்சினுக்கு முன்னால் பலகைமேல் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டோம். மணிக்கு ஒருமுறை எழுந்து, டார்ச் அடித்து, நட்டைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்ப்பேன். முதல் மூன்று தடவை விரல் ஈரமாக வந்தது. விடியக்காலையில் ஓடாவி என்னை எழுப்பி ஸ்பேனரைக் கையில் கொடுத்தார். கால் சுற்று முடுக்கினேன். விரலை ஓட்டிப் பார்த்தேன், காய்ந்திருந்தது. வெளியே டிரைவர் எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்லிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.